எட்டுத் துண்டு ஏரிச்சேறு

ஜூன் 9, திங்கள்

மண் உருளையை இன்று குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்தோம். மூன்று மீட்டர் நீளம். மஞ்சணத்தி ஏரியின் நடுவில் குழாயை இறக்கி, இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தது. மேல்முனையில் இருப்பது நேற்றைய சேறு, அடிமுனையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம் வருடத்துச் சேறு. அதை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் துண்டு துண்டாக அரிந்து, ஒவ்வொரு துண்டிலும் தங்கியிருக்கும் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கரையில் நின்ற மரங்களின் இலைமெழுகு நீளமான அமிலங்களாகவும், தண்ணீரில் வாழ்ந்த பாசியும் நுண்ணுயிரும் குட்டையான அமிலங்களாகவும் சேற்றில் கிடக்கும். எது கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்தால், ஏரி எப்போது நிறைந்தது, எப்போது வற்றியது என்று சொல்லிவிடலாம்.

சொல்லிவிடலாம் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இனிமேல் நீட்டிப்பு கிடையாது என்று பேராசிரியர் ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். எனக்கு வயது முப்பத்தாறு.

முப்பது துண்டு அரிந்தேன். ஆய்வக உதவியாளர் சொர்ணக்கா பக்கத்தில் நின்று அலுமினியத் தாளை நீட்டினார், சுற்றினார், எண் ஒட்டினார். ஒப்பந்த வேலைதான், ஆனாலும் பதினொரு வருடமாக இருக்கிறார். எந்தக் குடுவை எந்த அலமாரியில் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஜூன் 11, புதன்

நேற்றும் இன்றும் முப்பது முப்பது. 180 சென்டிமீட்டர் வரை முடிந்தது.

காலையில் அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட நேரமாகிவிட்டது. மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் விழுந்து கிடக்கின்றன. தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் சரிபாதி, கொஞ்சம் கற்பூரம் போட்டுச் சூடாக்கி, தினமும் அரை மணிநேரம் தேய்க்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். பேச்சில் 'ஆமா' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வலிக்கிறதா என்றாலும் ஆமா, வலிக்கவில்லையா என்றாலும் ஆமா. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். மஸ்கட்டிலிருக்கும் தம்பி போனில் கூப்பிட்டு, "அப்பா நல்லா இருக்காங்களா?" என்று அவரிடமே கேட்கிறான். என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்கிறான்.

ஜூன் 12, வியாழன்

கையுறைப் பெட்டி காலி. புதுப்பெட்டிக்கு மே மாதமே எழுதிக் கொடுத்தேன். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதோ. நேற்றுப் போட்டிருந்த ஜோடியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிப்பக்கம்தானே சேறு. உட்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும்.

சொர்ணக்கா, "பொட்டி வரட்டும் மேடம், நாளைக்கு அறுத்துக்கிடுவோமே?" என்றார். அவருக்கென்ன, அவருக்கு டிசம்பர் கிடையாது. எட்டுத் துண்டு அரிந்தபோது கரண்ட் போனது. அதோடு நிறுத்திவிட்டோம்.

ஜூன் 13, வெள்ளி

வேதியியல் துறையில் கெஞ்சி ஒரு பெட்டி வாங்கிவந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஒன்றரை மாதமாக நோட்டைத் தொடவில்லை. எழுத ஒன்றுமில்லை. உறையவைத்து உலர்த்துவது, பொடியாக்குவது, கரைப்பானில் போட்டுக் கொழுப்பை இறக்குவது, மறுபடி அதையே செய்வது. சொர்ணக்கா கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி உலையில் சுட்டு எடுத்துத் தருகிறார். நாலாயிரம் வருடத்துக் கொழுப்பு ஒரு துண்டில் கடுகளவுகூட இருக்காது. நம் விரல் ஒருமுறை பட்டால் போதும், அதைவிட அதிகம் ஒட்டிவிடும். புது மாணவர்கள் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பயமுறுத்துவேன். சென்ற வருடம் ஒரு பெண் அழுதேவிட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று எனக்குச் சிரிக்கத் தோன்றியது. மாடிப்படியில் தனியாகச் சிரித்தேன்.

அமிலங்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. இயந்திரத்தில் வரிசையாகத் துண்டுகளை ஏற்றிக்கொண்டு வருகிறேன். ஒவ்வொரு அமிலமும் தாளில் ஒரு முகடாக எழும். 180லிருந்து 196 சென்டிமீட்டர் வரை, பன்னிரண்டு கார்பன் அமிலமும் பதினான்கு கார்பன் அமிலமும் மலை மாதிரி எழுந்து நிற்கின்றன. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஏரியில் திடீரென்று என்னவோ நடந்திருக்கிறது. தண்ணீர் வற்றி, அழுகி, நுண்ணுயிர் பெருகியிருக்க வேண்டும். பெரிய பஞ்சமாக இருக்கலாம்.

பேராசிரியர் தாளைத் தூக்கிப் பிடித்து இரண்டு நிமிடம் பார்த்தார். "எப்சிபா, இதுதாம்மா உன் ஆய்வேடு" என்றார். ஏழு வருடத்தில் அவர் என்னை மெச்சிச் சொன்ன முதல் வாக்கியம். உலையில் சுட்ட வெறும் மணலை வைத்துச் செய்த கூடுதல் சோதனையும், மண்ணே போடாமல் கரைப்பானை மட்டும் ஓட்டிய வெற்றுச் சோதனையும் சுத்தமாக இருந்தன. உடனே கட்டுரை எழுதி அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆமா என்றார். இன்றைக்கு அது பொருத்தமாக இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் யாரென்று தெரியாது. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருவர். மூன்றே வரி. "பன்னிரண்டும் பதினான்கும் இந்த விகிதத்தில் எந்த ஏரியிலும் வருவதில்லை. தேங்காயெண்ணெயில் வரும். ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வகத்தைச் சோதித்துப் பார்ப்பது நல்லது."

வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே திரண்டதே வெண்ணெய் இல்லை.

சாப்பிடவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பேராசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது அவருடையது. அவருக்கு இரண்டு வருடத்தில் ஓய்வு.

"வெற்றுச் சோதனை சுத்தமா இருக்கு. அப்போ கரைப்பான்ல இல்ல, குப்பியில இல்ல. மண்ணை அரியும்போதே ஏறியிருக்கு. அன்னைக்கு ஆய்வகத்துல யார் யார் இருந்தது?"

"நானும் சொர்ணக்காவும் சார்."

"நீ கையுறை போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன் சார்."

"அந்தம்மா?"

தாளை மட்டும்தான் அவர் தொட்டார் என்று சொன்னேன். பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தம்மா தலையைப் பாத்திருக்கியா? எண்ணெய் வழியுது. தலையைத் தொட்ட கையாலதான தாளை எடுத்திருக்கும்?"

எடுத்திருக்கலாம். சொர்ணக்கா தினமும் தலைக்கு எண்ணெய் வைத்து, வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு வருபவர்தான். கழுத்துவரை பளபளக்கும். கொண்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இதை நான் பேராசிரியரிடம் சொன்னேன். கேட்டதால் சொன்னேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மாதிரி அரிந்த எல்லா நாளும் கையுறை அணிந்திருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மை.

பிறகு சொர்ணக்கா. நான் வெளியே போகவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. குழுத் தலைவர் அவரிடமும், "இவங்க கையுறை போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார். "மேடம் வெறுங்கையால மண்ணத் தொட்டதே கெடையாது சார்" என்றார் சொர்ணக்கா. என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார், நான் பயப்பட வேண்டாம் என்பது போல.

"நீங்க தலைக்கு என்ன எண்ணெய் வைக்கீங்க?"

"தேங்காயெண்ணெதான் சார். எல்லாரும் வைக்கதுதான?"

குழுவில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். சொர்ணக்காவுக்கு எதைப் பற்றிய விசாரணை என்றே சரியாகப் புரிந்ததாகத் தெரியவில்லை. யாரோ குப்பி உடைத்ததற்கு என்று நினைத்திருந்தாராம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சொர்ணக்காவை நிறுத்திவிட்டார்கள். குப்பிகளை நானே கழுவினேன்.

அக்டோபர் 9, வியாழன்

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஏஜென்சிப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். மூன்று நாளாக வீட்டிலேயே கிடக்கிறேன். ஆய்வேட்டில் அந்த எட்டுத் துண்டுகளை விலக்கிவிட்டு, மாசு எப்படி வந்தது என்று தனியாக ஓர் அத்தியாயம் எழுதச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர். "தப்பைக் கண்டுபிடிச்சதையே பெருமையாக்கிடலாம்" என்கிறார்.

அக்டோபர் 13, திங்கள்

சொர்ணக்கா வீட்டுக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கட்டிலில் உட்காரவைத்துக் கறுப்புக் காப்பி கொடுத்தார். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டி முதுகு போய்ப் படுத்திருக்கிறார். வேலை ஏதும் கிடைத்ததா என்று கேட்டேன்.

"எங்க மேடம். துறையில நிறுத்தினவன்னு தெரிஞ்சா யாரும் சேக்க மாட்டேங்காவ."

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறீர்களா என்று கேட்டேன். நல்ல காரியம் செய்கிற நிம்மதியோடுதான் கேட்டேன். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நாளைக்கே வாரேன்" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

வந்துவிட்டார். எண்ணெய் காய்ச்சுவதை ஒருமுறை காட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் எண்ணெய்ப் பிசுக்கில்லாத கையோடு ஆய்வகத்துக்குப் போனேன்.

அக்டோபர் 22, புதன்

மாசு அத்தியாயத்துக்காகக் கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி இயந்திரத்தில் ஏற்றினேன். பன்னிரண்டு, பதினான்கு, விகிதம் எல்லாம் அந்த எட்டுத் துண்டுகளோடு ஒத்துப்போகின்றன. முடிந்தது கதை என்று இயந்திரத்தை நிறுத்தப்போனேன்.

எட்டுத் துண்டுகளிலும் கடைசியாக ஒரு முகடு இருக்கிறது. இதுவரை நான் அதைச் சட்டை செய்ததில்லை. எல்லா அமிலங்களும் வந்து ஓய்ந்த பிறகு தனியாக வருகிறது. தேங்காயெண்ணெயில் அது இல்லை. இயந்திரத்தின் பட்டியலில் தேடினேன். ரிசினோலியிக் அமிலம் என்று வந்தது. அது விளக்கெண்ணெயில்தான் இந்த அளவுக்கு இருக்கும்.

விளக்கெண்ணெய் எங்கேதான் இல்லை. பம்புக்கு ஊற்றுகிறார்கள், கதவுக் கீலுக்குப் போடுகிறார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

சொர்ணக்கா தலைக்கு விளக்கெண்ணெய் கலந்து வைப்பதுண்டா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அது பிசுபிசுன்னுலா இருக்கும் மேடம், யாரு வைப்பா" என்றார்.

மருந்துக் கிண்ணத்திலிருந்து ஒரு துளி எண்ணெயைச் சின்னக் குப்பியில் எடுத்து வைத்திருக்கிறேன். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

அக்டோபர் 24, வெள்ளி

ஒத்துப்போகிறது.

அக்டோபர் 27, திங்கள்

ஜூன் மாதப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்துதான். "உட்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும்." அந்தக் கையுறையை முந்தின நாள் காலையில் நான் எப்படிப் போட்டுக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தேய்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்து போட்டேன். விளக்கெண்ணெய் ஒரு சோப்புக்குப் போகாது. நாள் முழுக்க வேர்வையில் ஊறிய உட்பக்கம், மறுநாள் வெளிப்பக்கமாகி அந்த எட்டுத் துண்டுகளையும் தடவியிருக்கிறது. புது மாணவர்களைப் பயமுறுத்தியவள் நான்தான்.

சொர்ணக்காவிடம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

அப்பாவுக்குச் சளி. சொர்ணக்கா இரண்டு நாள் ராத்திரியும் தங்கிவிட்டார். சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை.

நவம்பர் 10, திங்கள்

அப்பாவிடம் முதலில் சொன்னேன். சொர்ணக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது. "என் தப்புக்கு அவங்க வேலை போச்சுப்பா. நான் போய்ச் சொல்லணும்ல?" ஆமா என்றார். "சொன்னா என் பட்டம் போயிரும். சொல்லாம இருந்துரட்டுமா?" அதற்கும் ஆமா.

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. பக்கவாதக்காரர்களுக்குக் காரணமில்லாமலும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 17, திங்கள்

உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறேன். நான் எழுதிக் கொடுத்தால் சொர்ணக்காவை மறுபடி கூப்பிட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டால் அவர் போய்விடுவார். போனால் அப்பாவை யார் பார்ப்பது? இந்த ஒரு மாதத்தில் அப்பா விரலை மடக்குகிறார். சொர்ணக்காவுக்கும் இங்கே ஒரு குறையும் இல்லை. ஆய்வகத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியதை அடித்துவிடவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நாலாம் அத்தியாயம், பக்கம் 141: "மாசு, ஆய்வக உதவியாளரின் தலைமுடி எண்ணெயிலிருந்து ஏறியிருக்கக்கூடும்." 'கூடும்' என்றுதான் போட்டிருக்கிறேன். கடைசி முகட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பேராசிரியர் இனிப்பு வாங்கிவந்தார். ஒரு லட்டைச் சொர்ணக்காவுக்கு எடுத்துவந்தேன். "டாக்டர் மேடம்னு கூப்பிடணுமா இனிமே?" என்று கேலி செய்துகொண்டே அதில் பாதியைப் பிய்த்து அப்பாவுக்கு ஊட்டினார்.

டிசம்பர் 8, திங்கள்

பக்கத்து ஊரிலிருக்கும் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை காலியாம். நிரந்தர வேலை. சொர்ணக்கா என்னிடம் சொல்லாமல் மனுப் போட்டிருக்கிறார். இன்று காலை காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எடுக்கதாத்தான் இருந்தாவளாம். நம்ம துறைக்கு ஒரு போன் போட்டு விசாரிச்சிருக்காவ. அங்க சொன்னத கேட்டுட்டு, வேண்டாம்னுட்டாவ. வேலைக்குப் போன நாள்லருந்து ஒரு குப்பிகூட உடைச்சதில்ல நான்."

அவருக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்தது. எழுந்து குளியலறைக்குப் போய்விட்டேன். எட்டுத் துண்டு சேற்றை நான் விலக்கிவிட்டேன், எனக்கு மீதி நூற்று நாற்பத்திரண்டு இருக்கிறது. சொர்ணக்காவுக்கு மீதி என்று ஒன்றும் கிடையாது. எங்கே போனாலும் அந்த எட்டுதான் முன்னால் போய் நிற்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். கையுறையைத் திருப்பிப் போட்டது, அப்பாவின் எண்ணெய், கடைசி முகடு, என் வாக்குமூலம், பக்கம் 141, எல்லாம். ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று முடித்தேன்.

டிசம்பர் 10, புதன்

பேராசிரியரிடம் கொடுத்தால் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அதனால் நேராகப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்த் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பிறகுதான் அவர் அறைக்குப் போனேன். நகலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் பொறுத்திருக்கக்கூடாதா?"

"அவங்களால பொறுக்க முடியாது சார்."

"அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு, தெரியுமில்ல? அந்தம்மாவுக்கும் லாபமில்ல, உனக்கும் லாபமில்ல. மூணு வாரத்துல நீ என்னத்தைத் திருத்தி, எப்பக் குடுக்கப்போற?"

எனக்கும் தெரியாது. நான் வாசலுக்குப் போனபிறகு, "அந்தக் கல்லூரிக்கு வேணா நானே போன் பண்ணிச் சொல்லுதேன்" என்றார். சொல்வார் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. சொர்ணக்கா அப்பாவின் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று பயமாக இருந்தது.

"சொர்ணக்கா, அந்த மண்ணுல இருந்தது உங்க தலை எண்ணெய் இல்ல. இந்த எண்ணெய்தான். என் கையில இருந்து ஏறினது. இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டேன். கல்லூரிக்கும் சார் பேசுதேன்னு சொல்லியிருக்காங்க."

அவர் கை நிற்கவில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரே சீராக இறங்கியது.

"தெரியும் மேடம்."

"எப்போ தெரியும்?"

"இங்க வந்த மொத நாளே. கிண்ணத்த அடுப்புல வச்சேம்லா, கற்பூரமும் வெளக்கெண்ணெயுமா ஒரு வாடை வந்துது. அன்னைக்கு நீங்க கையுறைய உள்ளுபுறமாத் திருப்புனியள்லா, அப்ப அடிச்ச அதே வாடை. தேங்காயெண்ணெ வச்சவன்னு என்னைய ஏன் நிப்பாட்டுனாவன்னு அப்பத்தான் வெளங்குச்சு."

இரண்டு மாதம். இரண்டு மாதமாகத் தினமும் அதே எண்ணெயைக் காய்ச்சி, அதே கையால் எனக்கும் சோறு போட்டிருக்கிறார்.

"அப்பவே என்கிட்ட ஏங்க்கா சொல்லல? ரெண்டு ஏச்சாவது ஏசியிருக்கலாம்ல?"

சொர்ணக்கா முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இதுகூடவா தெரியாது என்பதுபோலப் பார்த்தார்.

"சொன்னா நீங்க என் மொகத்தப் பாக்க முடியாம நிப்பாட்டிருவியளே மேடம். இந்த வேலையும் போயிரும்லா?"

பிறகு, அப்பாவை மறுபக்கம் திருப்ப வேண்டும், தோளைப் பிடியுங்கள் என்றார். பிடித்தேன். இத்தனை நாளும் நான்தான் அவரிடம் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே, எனக்குப் பயந்து, அவரும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.